ஸ்பானிஷ் பேப்பர்ல பேருக்கு முன்னாடி நிக்கிற ‘டி.’ உங்க இனிஷியல் இல்லைங்க: இங்கிலீஷ்ல மாத்தும்போது மாட்டிக்காம இருக்க ஒரு வழிகாட்டி

மூணு வருஷம் மாட்ரிட்ல வேலை பாத்துட்டு லண்டன் பக்கம் வேலை கிடைச்சு குடும்பத்தோட கிளம்புற நேரம். கையில இருந்த ஸ்பானிஷ் பேப்பர் மூணு: பழைய கம்பெனி குடுத்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், நகராட்சி குடுத்த வீட்டு விலாச சர்டிஃபிகேட் (அங்க ‘பத்ரோன்’னு சொல்லுவாங்க), அப்புறம் ஒரு நோட்டரி பவர் (பவர் ஆஃப் அட்டர்னி). மூணையும் இங்கிலீஷ்ல மாத்தணும். ஆன்லைன்ல சீப்பா ஒருத்தர் கிடைச்சாரு, ரெண்டே நாள்ல அனுப்பிட்டாரு, நானும் தலைப்பையும் தேதியையும் மட்டும் பாத்துட்டு அப்லோட் பண்ணிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு பேப்பரைக் கேட்ட ஆபீஸ்ல இருந்து கேள்வி வருது. “லெட்டர்ல டி. கார்த்திக் முருகேசன்னு இருக்கு, பாஸ்போர்ட்ல அந்த டி. இல்லையே, இது வேற ஆளா?” (பேரெல்லாம் உதாரணத்துக்குத்தான்.) பவர்ல அதைவிடக் கொடுமை, வீட்டுக்காரம்மா பேரு ‘டா லட்சுமி’னு வந்திருக்கு. அவங்க அதைப் பாத்துட்டு “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீங்ககூட என்னை டா போட்டதில்லை”ன்னாங்க. சிரிச்சோம், ஆனா மறுபடி மூணு பக்கமும் மாத்த 114 யூரோ, 9 நாள் போச்சு. அந்த 9 நாள்ல நான் கத்துக்கிட்டதைத்தான் வரிசையா எழுதுறேன், உங்களுக்காவது அந்தக் காசு மிஞ்சட்டும்.

1. முதல்ல பென்சிலை எடுத்து வட்டம் போடுங்க

டிரான்ஸ்லேட்டர்கிட்ட அனுப்புறதுக்கு முன்னாடியே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு, எந்தப் பேருக்கு முன்னாடி எது ஒட்டிக்கிட்டு இருந்தாலும் வட்டம் போடுங்க. உங்க பேர் மட்டும் இல்லை, கையெழுத்துப் போட்டவர் பேர், நோட்டரி பேர், கம்பெனி ஹெச்.ஆர் பேர், எல்லாம். அப்புறம் அதை மூணா பிரிங்க: சும்மா மரியாதைக்கு வர்றது, படிப்பு இல்ல பதவியைச் சொல்றது, நெஜமாவே பேரோட சேந்தது.

மூணாவதுல சில ஆளுங்க ஒளிஞ்சிருப்பாங்க. ‘எம்’ போட்டு மேல பொடியா ‘ஏ’ போட்டிருந்தா அது இனிஷியல் எம் இல்லை, மரியாங்கிற பேரோட சுருக்கம், அதை விரிச்சு எழுதணும். ‘எஃப்-சி-ஓ’ன்னு இருந்தா பிரான்சிஸ்கோ. ஆனா பேப்பர் கடைசியில கையெழுத்துக்குப் பக்கத்துல ‘எஃப்-டி-ஓ’ன்னு இருந்தா அது ‘கையொப்பமிட்டவர்’னு அர்த்தம், பேரே இல்லை. வேடிக்கை என்னன்னா பெர்னாண்டோங்கிற பேரையும் அதே மூணு எழுத்துலதான் சுருக்குவாங்க. இருக்கிற இடத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும். அதே மாதிரி கையெழுத்துக்கு முன்னாடி ‘பி.ஓ.’ன்னு வந்தா ‘உத்தரவின்படி’ வேற ஒருத்தர் போட்ட கையெழுத்துன்னு அர்த்தம், இனிஷியல் இல்லை. இனிஷியல் வச்சே வளந்த நமக்கு எழுத்தும் புள்ளியும் எங்க பாத்தாலும் அப்பா பேராத்தான் தெரியும், அதனாலயே நாம இன்னும் ஜாக்கிரதையா பாக்கணும்.

2. தொன், தோன்யா: இங்கதான் முக்கால்வாசிப் பேர் விழறாங்க

அந்த ‘டி.’ங்கிறது ‘தொன்’ங்கிற சொல்லோட சுருக்கம். பொம்பளைங்களுக்கு ‘தோன்யா’, அதை ‘டி’ போட்டு மேல பொடியா ‘ஏ’ வச்சு எழுதுவாங்க. அந்தப் பொடி ஏ-வை சாதா ஏ-வா டைப் அடிச்சதுலதான் எங்க வீட்டுல ‘டா லட்சுமி’ பொறந்தாங்க. நம்ம ஊர்ல டான்னா கார் கதவைத் தொறந்து நாலு பேர் இறங்குற டான் ஞாபகம் வரும், இது அது இல்லை, வெறும் மரியாதைச் சொல்.

இதோட விதி ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அதைப் புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தன்னால புரியும். தொன் எப்பவும் சொந்தப் பேரோடதான் வரும், சர்நேம் மட்டும் தனியா இருந்தா வராது. தொன் கார்த்திக், தொன் கார்த்திக் முருகேசன் ரெண்டும் சரி, தொன் முருகேசன் தப்பு. இங்கிலீஷ் மிஸ்டர் நேர் எதிர், அது சர்நேமோட போகும். யோசிச்சுப் பாத்தா தொன் நம்ம ‘கார்த்திக் சார்’, ‘லட்சுமி அம்மா’க்குத்தான் கிட்டக்க வருது, மிஸ்டருக்கு இல்லை. ஆளை அவர் பேராலயே கூப்பிட்டு மரியாதையும் குடுக்கிறது நமக்கும் அவங்களுக்கும் வருது, இங்கிலீஷ்காரங்களுக்குத்தான் வரல!

சரி, இங்கிலீஷ்ல என்ன பண்றது? மூணு நெலமை இருக்கு.

பேப்பர்ல பெயர்னு தனிக் கட்டம் போட்டு அதுக்குள்ள தொன் வந்திருந்தா, இங்கிலீஷ் கட்டத்துல அதை எடுத்துடணும். பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அது மட்டும்தான் அங்க இருக்கணும்.

வாக்கியத்துக்கு நடுவுல வந்தா, அதாவது ‘தொன் கார்த்திக் முருகேசன் எங்ககிட்ட இத்தனை வருஷம் வேலை பாத்தார்’ மாதிரி, மிஸ்டர் போட்டு முழுப் பேரையும் எழுதச் சொல்லுங்க. மிஸ்டர் முருகேசன்னு சுருக்கினா நம்ம கேஸ்ல அது அப்பாவைக் கூப்பிடுற மாதிரி ஆயிடும், அதுவும் பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருக்கிறவங்களுக்கு இன்னும் தலைவலி. முழுப் பேர் போட்டுட்டா யாரும் எதுவும் கேக்க முடியாது.

‘எஸ்-ஆர். டி.’ன்னு ரெண்டும் சேந்து வந்தா அது ஸென்யோர் தொன், ரெண்டுக்கும் சேத்து ஒரே ஒரு மிஸ்டர் போதும். ‘மிஸ்டர் டான் கார்த்திக்’னு போட்ட ஒரு டிரான்ஸ்லேஷனை நான் கண்ணால பாத்திருக்கேன்.

நோட்டரி பேப்பர் மட்டும் தனியா கவனிங்க. அங்க பேரையும் தொன்னையும் முழுக்கப் பெரிய எழுத்துல அடிச்சிருப்பாங்க. இங்கிலீஷ்ல ‘டான்’ங்கிறது டொனால்டோட செல்லப்பேரு. அதனால பெரிய எழுத்துல அப்படியே விட்டா படிக்கிறவங்க அதை முதல் பேராவே எடுத்துக்குவாங்க. ஆன்லைன் ஃபார்ம்ல யாராவது டைப் அடிச்சுக் குடுத்தா உங்க முதல் பேர் டான், நடுப் பேர் கார்த்திக், முடிஞ்சது கதை.

3. ஸென்யோர், ஸென்யோரா, ஸென்யோரிட்டா

ஸென்யோரோட சுருக்கம் ‘எஸ்-ஆர்.’ இங்கிலீஷ்ல அதே ரெண்டெழுத்துக்கு ‘சீனியர்’னு அர்த்தம், நம்ம கான்வென்ட்ல சிஸ்டர்னு அர்த்தம். அப்படியே விட்டுடாதீங்க, மிஸ்டர்னு மாத்தியே ஆகணும். அமெரிக்காவுக்குப் போற பேப்பர்னா மிஸ்டருக்குப் பின்னாடி புள்ளி வைப்பாங்க, பிரிட்டனுக்குன்னா பெரும்பாலும் வைக்க மாட்டாங்க. எதுவானாலும் ஒரே மாதிரி இருந்தா சரி.

ஸென்யோராவுக்கு மிஸஸ் போடுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. ஸ்பெயின்ல மேஜர் ஆன பொண்ணுன்னா கல்யாணம் ஆகலைன்னாலும் ஆபீஸ் பேப்பர்ல ஸென்யோராதான். கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க சட்டப்படி சர்நேம் மாத்திக்கிறதும் இல்லை. அதனால எம்-எஸ்னு ரெண்டெழுத்துல எழுதுற அந்த இங்கிலீஷ் சொல்லைப் போடுங்க, அதுல கல்யாணம் ஆச்சா இல்லையான்னு தெரியாது. நீங்க மிஸஸ்னு போட்டுட்டு விசா ஃபார்ம்ல சிங்கிள்னு டிக் பண்ணியிருந்தா எதுக்குங்க வம்பு.

ஸென்யோரிட்டாவைப் பழைய பேப்பர்ல பாக்கலாம், இப்ப அரசாங்க பேப்பர்ல அதிகம் வர்றதில்லை. வந்தா எம்-எஸ் போதும், பழைய பேப்பரோட வாசனை வேணும்னா மிஸ்.

‘இன்னாருடைய ஸென்யோரா’ன்னு, அதாவது ஸென்யோராவுக்கு அப்புறம் ‘தெ’ போட்டு ஒரு சர்நேம் வந்தா அவரோட மனைவின்னு அர்த்தம், அங்க மட்டும் மிஸஸ் பொருந்தும். ‘வி-டி-ஏ. தெ’ன்னு வந்தா இன்னாரோட விதவை. அதை இனிஷியல்னு நினைச்சு ஒட்ட வச்சுடாதீங்க. பென்ஷன், சொத்து விஷயத்துல அந்தத் தகவல் முக்கியம், அதனால விடவும் கூடாது, பேருக்குப் பின்னாடி ‘இன்னாரின் விதவை’ன்னு இங்கிலீஷ்ல விரிச்சே எழுதணும்.

4. ரெண்டு சர்நேம் இருந்தா மிஸ்டருக்கு அப்புறம் எது?

உங்க பேருக்கு இது தேவைப்படாது, ஆனா மேனேஜர், டாக்டர், பிள்ளையோட டீச்சர் பேரெல்லாம் பேப்பர்ல வரும்ல. ஸ்பானிஷ்காரங்களுக்கு அப்பா வழி சர்நேம் முதல்ல, அம்மா வழி சர்நேம் ரெண்டாவது. (ஸ்பெயின்ல 1999ல இருந்து மாத்தியும் வைக்கலாம்.) இங்கிலீஷ் பழக்கத்துல கடைசியா இருக்கிறதுதான் சர்நேம்னு எடுத்துக்கிட்டா தப்பாயிடும். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸை எத்தனை பேர் மிஸ்டர் மார்க்கேஸ்னு எழுதியிருக்காங்க, அது அம்மா வழிப் பேரு. மிஸ்டர் கார்சியா மார்க்கேஸ்னு ரெண்டையும் சேத்து எழுதினாதான் சரி. மெக்சிகோவோட முன்னாள் அதிபர் மிஸ்டர் லோபெஸ் ஓப்ரடோர், அவரும் அப்படித்தான்.

ஒண்ணு மட்டும் போடணும்னா முதல் சர்நேமைப் போடுங்க: பேத்ரோ சாஞ்செஸ் பேரெஸ்-காஸ்தெஹோன்னு முழுப் பேர் இருக்கிற ஸ்பெயின் பிரதமர், செய்தியில எல்லாம் சாஞ்செஸ்தான். ஆனா ரொம்ப சாதாரணமான முதல் சர்நேமா இருந்தா ரெண்டாவதே நின்னுடுறதும் உண்டு. முன்னாடி பிரதமரா இருந்த ரோத்ரீகெஸ் ஸாபதேரோவை நாடே ஸாபதேரோன்னுதான் கூப்பிட்டுச்சு. அது பேச்சுக்கு. பேப்பர்ல ரெண்டும் போட்டுடுங்க.

5. லத்தீன் அமெரிக்கா பேப்பரா? வேற கண்ணாடி போட்டுக்கோங்க

ஸ்பெயின் பழக்கம் அங்க அப்படியே செல்லாது. எங்க ஆபீஸ்ல கூட வேலை பாத்த ஒரு பையன் மெக்சிகோவுல ரெண்டு வருஷம் இருந்துட்டு வந்தவன், அவன் பேப்பரைப் பாத்துட்டுத்தான் எனக்கு இது தெரிஞ்சது.

மெக்சிகோ அரசாங்க பேப்பர்ல பேருக்கு முன்னாடி ‘சி.’ன்னு இருக்கும். அது ‘சியுதாதானோ’, குடிமகன்னு அர்த்தம். ஸ்பெயின் டி. பண்ற அதே வேலையை அங்க சி. பண்ணும், அதே மாதிரி இனிஷியலா மாறி நம்மளைக் கவுக்கும். இங்கிலீஷ்ல மிஸ்டர், எம்-எஸ் போடலாம் இல்ல விட்டுடலாம். சிட்டிசன்னு மாத்தினா, அந்த நாட்டு குடியுரிமையே வாங்கிட்டீங்களோன்னு யாருக்காவது சந்தேகம் வரும்.

‘லிசென்சியாதோ’, சுருக்கமா எல்-ஐ-சி (ஆமா, நம்ம எல்.ஐ.சி. மாதிரியேதான் இருக்கும்). டிகிரி முடிச்ச யாரையும், குறிப்பா வக்கீல்களை, மெக்சிகோவுல இப்படிக் கூப்பிடுவாங்க. லைசன்ஸ்டுன்னு மாத்துறது முழுத் தப்பு. கடிதத்துல மிஸ்டர் போதும், ஆனா படிப்பு சம்பந்தப்பட்ட பேப்பர்னா அது பட்டத்தோட பேராவே இருக்கும், அங்க விட முடியாது. இஞ்சினியருக்கு ‘ஐ-என்-ஜி.’, ஆர்க்கிடெக்டுக்கு ‘ஏ-ஆர்-கியூ.’ன்னு போடுவாங்க, இங்கிலீஷ்ல பேருக்கு முன்னாடி இஞ்சினியர்னு போடுற வழக்கம் பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் இல்லை (நம்ம ஊர் கல்யாணப் பத்திரிகையில மட்டும்தான் உண்டு). மிஸ்டர்னு போட்டு, பேருக்குப் பின்னாடி கமா வச்சு தொழிலைச் சொன்னா போதும்.

‘டாக்டர்’ தான் ரொம்ப மோசமான குழி. கொலம்பியாவுல மேலதிகாரி, வக்கீல்னு பலரையும் மரியாதைக்கு தோக்டோர்னு கூப்பிடுவாங்க, அர்ஜென்டினாவுல வக்கீலுக்கும் அது சகஜம். பட்டம் இருக்கான்னு தெரியாம இங்கிலீஷ்ல டாக்டர்னு போட்டா இல்லாத பி.எச்.டி.யை நீங்க வாங்கிக் குடுத்த மாதிரி. விசாரிச்சுட்டுப் போடுங்க.

6. பெரிய இடத்து அடைமொழி

எக்ஸெலென்டீஸிமோ, இலுஸ்ட்ரீஸிமோன்னு நீளமா வந்தா பயப்படாதீங்க, பெரும்பாலும் விட்டுடலாம். என் பத்ரோன் சர்டிஃபிகேட் மாதிரி நகராட்சி பேப்பர்கள்ல நகராட்சிக்கே அந்த அடைமொழி இருக்கும், அதை ‘மோஸ்ட் எக்ஸலன்ட் சிட்டி கவுன்சில்’னு மாத்தினா லண்டன்ல ஹோட்டல் ரிவ்யூன்னு நினைப்பாங்க. சிட்டி கவுன்சில், அவ்வளவுதான். ஸ்பெயின் மத்திய அரசே 2005ல ஒரு நன்னடத்தை விதி கொண்டுவந்து அமைச்சர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், ஸென்யோர், ஸென்யோரா போட்டு பதவிப் பேரைச் சொன்னா போதும்னு சொல்லிடுச்சு. தூதருக்கு மட்டும் இங்கிலீஷ்லயும் ‘ஹிஸ் எக்ஸலன்ஸி’ வழக்கம் இருக்கு, அதனால வைக்கலாம்.

ஜட்ஜை ‘ஸென்யோரியா’ன்னு சொல்லுவாங்க. நேர்ல கூப்பிடுற இடத்துல ‘யுவர் ஆனர்’, உத்தரவோட கடைசியில ‘ஸென்யோரியா கையொப்பமிட்டார்’னு வந்தா வெறுமனே ‘தி ஜட்ஜ்’. அதோட சுருக்கத்துல ரெண்டு எஸ் வரும். வேலை சம்பந்தப்பட்ட பேப்பர்ல ‘எஸ்.எஸ்.’னு பாத்தா அது சோஷியல் செக்யூரிட்டி, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ‘ஸென்யோர் நோத்தாரியோ’ன்னு வந்தா மிஸ்டர் நோட்டரி இல்லை, ‘தி நோட்டரி’.

7. டிரான்ஸ்லேட்டர், காசு, நாள்

முதல்ல கேக்க வேண்டியது, பேப்பரை வாங்கப் போற ஆபீஸுக்கு எந்த மாதிரி டிரான்ஸ்லேஷன் வேணும்னு. ஸ்பெயின் வெளியுறவு அமைச்சகம் நியமிக்கிற ‘ஹுராதோ’ டிரான்ஸ்லேட்டர்னு ஒரு வகை உண்டு, சீல் வச்சுக் குடுப்பாங்க, லிஸ்ட் அமைச்சகத்தோட சைட்லயே இருக்கு. பிரிட்டன் விசாவுக்கு அந்த சீலே வேணும்னு இல்லை: சரியான மொழிபெயர்ப்புன்னு உறுதிமொழி, தேதி, டிரான்ஸ்லேட்டரோட முழுப் பேர், கையெழுத்து, தொடர்பு விவரம் இருந்தா போதும். அமெரிக்க குடிவரவு ஆபீஸும் முழுமையா, சரியா மாத்தியிருக்கேன், எனக்கு ரெண்டு மொழியும் தெரியும்னு டிரான்ஸ்லேட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டதைத்தான் கேக்குது. இது தெரியாம ரெண்டாவது தடவை பயந்துபோய் ஹுராதோகிட்டயே போனேன், பக்கத்துக்கு 38 யூரோ, 4 வேலை நாள். சாதா டிரான்ஸ்லேட்டர் கிட்டத்தட்ட அதுல பாதிதான் சொன்னாரு. ஒரே பக்கம்னாலும் மினிமம் சார்ஜ்னு ஒண்ணு சொல்லுவாங்க, அதனால எல்லாப் பேப்பரையும் சேத்து ஒரே தடவையா குடுங்க.

அப்போஸ்டில் (பேப்பர் வெளிநாட்டுல செல்லுறதுக்கு அரசாங்கம் குடுக்கிற அத்தாட்சி) தேவைப்பட்டா அதை முதல்ல வாங்கிட்டு அப்புறம்தான் மொழிபெயர்ப்பு, மாத்திப் பண்ணினா அப்போஸ்டில் பக்கம் மட்டும் தனியா நிக்கும், அதுக்கு இன்னொரு மினிமம் சார்ஜ். பிள்ளை பொறந்த சர்டிஃபிகேட்டை ரெஹிஸ்த்ரோ சிவில் (பிறப்பு, இறப்பு பதியுற ஆபீஸ்) இலவசமாத்தான் குடுக்குது, காசு கேக்குற சைட்டெல்லாம் இடைத்தரகர். பத்ரோன் சர்டிஃபிகேட்டை 3 மாசத்துக்குள்ள எடுத்ததான்னு நிறைய இடத்துல பாக்குறாங்க, அதனால ரொம்ப முன்னாடியே எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்காதீங்க.

மெயில்ல பேப்பரோட சேத்து ரெண்டு விஷயம் கண்டிப்பா அனுப்புங்க. ஒண்ணு, பாஸ்போர்ட்டோட போட்டோ பக்கம், பேர் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி வரணும்னு சொல்லி. ரெண்டு, ‘தொன், தோன்யா எல்லாம் மரியாதைச் சொல், பேரோட பகுதி இல்லைன்னு ஒரு மொழிபெயர்ப்பாளர் குறிப்பு சேருங்க’ன்னு ஒரு வரி. அந்தக் குறிப்புக்கு யாரும் தனியா காசு கேக்கல. ஒரிஜினல்ல டி. இருக்கே, இங்கிலீஷ்ல எங்க போச்சுன்னு யாராவது ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா அந்த ஒரு வரிதான் பதில் சொல்லும்.

8. நீங்களே லெட்டர் எழுதும்போது

கம்பெனிக்கோ ஸ்கூலுக்கோ நடுநடுவுல மெயில் போடுவோம்ல. ஸ்பானிஷ்ல ‘மூய் ஸென்யோர் மியோ’ன்னு ஆரம்பிச்சா இங்கிலீஷ்ல ‘டியர் சர்’ மட்டும்தான், ‘மை வெரி சர்’னு கூகுள் பண்ணின கொடுமையை விட்டுடுங்க. ‘எஸ்திமாதோ’வும் டியர்தான். அவங்க விளிக்கு அப்புறம் முக்காப்புள்ளி வைப்பாங்க, பிரிட்டிஷ் இங்கிலீஷ்ல கமா. தொன் போட்டு வந்த மெயிலுக்கு இங்கிலீஷ்ல பதில் எழுதினா மிஸ்டர், சர்நேம். ஸ்பானிஷ்லயே பதில் எழுதினா தொன் போட்டு அவர் சொந்தப் பேரு.

9. கையில வந்ததும், அப்லோட் பண்றதுக்கு முன்னாடி

பாஸ்போர்ட்டைப் பக்கத்துல விரிச்சு வச்சுக்கிட்டு, மொழிபெயர்ப்புல உங்க பேர் வர்ற ஒவ்வொரு இடத்தையும் விரலை வச்சுப் பாருங்க, தேடல் போட்டு மட்டும் பாக்காதீங்க, தப்பா அடிச்சது தேடல்ல சிக்காது. ஒரு பக்கம் சரியா இருந்து இன்னொரு பக்கத்துல டி. ஒட்டிக்கிட்டு நின்ன கதை எங்களோடது. தப்பு இருந்தா அன்னிக்கே மெயில் போடுங்க, நான் விசாரிச்ச ரெண்டு மூணு பேரும் ஒரு வாரத்துக்குள்ள சொன்னா இலவசமா திருத்தித் தருவோம்னுதான் சொன்னாங்க, அதுக்கப்புறம்னா புது வேலையா கணக்கு. வீட்டுல இன்னொரு ஆளையும் ஒரு தடவை படிக்கச் சொல்லுங்க, எங்க வீட்டுல இப்ப அந்த டிபார்ட்மென்ட் டா லட்சுமிகிட்டதான் இருக்கு.